பெரட்டு மணி

பதினாலாங் கட்டை,
கோலாலம்பூர்.
10-2-1963

என் அன்பு சிவகாமிக்கு,

உன் அத்தான் எழுதுவது. நான் நல்ல சுகம். நீயும் கஜா பெராங்கில் சுகமாக இருக்கப் பொய்யாத விநாயகர் துணை. லாண்டரியில் நாள் முழுக்க நின்றபடியே இஸ்திரி போடாதே, கால் வீங்கும். சொன்னால் நீ எங்கே கேட்கப்போகிறாய்.

நாம் பிறந்து வளர்ந்த ரப்பர் தோட்டத்தை இப்போது வந்து பார்த்தால் உனக்கு அடையாளம் தெரியாது. மேற்கே மேடெல்லாம் சீவித் தரையாக்கியாயிற்று. ஜெட் விமானம் இறங்கப் புது ஏர்ப்போர்ட். ஆனால் விஷயம் ஏர்ப்போர்ட் இல்லை சிவகாமி, அதைச் சுற்றி வரப்போகும் ஊர்தான் விஷயம். மிச்ச நிலத்தை வெள்ளைக்காரத் துரையிடமிருந்து எங்கள் முதலாளி பொன்னுதுரை வாங்கிவிட்டார். ஹோட்டல், சரக்குக் கிடங்கு, பைலட்டுகளுக்கு பங்களா, கடைவீதி, பெட்ரோல் நிலையம், சினிமாக் கொட்டகை என்று வரைபடத்தை மேசைமேல் விரித்துக் காட்டினார். ஹோட்டலுக்கு எதிரே மூலைக் கடையில் விரலை வைத்து, “மருதமுத்து, லயத்த மட்டும் காலி பண்ணிக் குடு. இது உனக்கு” என்றார்.

லயத்து வீடுகளில் பாதிப் பேர் காலி செய்து போய்விட்டார்கள். மீதிப் பேர் நகர மாட்டேன் என்கிறார்கள். வெட்ட மரமும் இல்லை, வேலை சொல்லத் துரையும் இல்லை. வேறு வீடு கட்டிக் கொடு, அப்புறம் போகிறோம் என்று உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கு முன்னால் நிற்பது யார் தெரியுமா? உன் அருமைத் தம்பி சேதுபதிதான். நேற்று கிழவர் அப்பாசாமி எல்லோர் முன்னாலும் என்னை நாயே என்றார். ஒன்று விட்டேன். முன்பல் மண்ணில் விழுந்தது. நானே பொறுக்கி அவர் கையில் கொடுத்தேன். அதைப் பார்த்த பிறகு சில குடும்பம் சாமானைக் கட்டிவிட்டது.

நீ சொன்னால் தம்பி கேட்பான். உடனே அவனுக்கு எழுது.

உன் அன்பு அத்தான்,
மருதமுத்து


கஜா பெராங், மலாக்கா.
16-2-1963

அன்புள்ள அத்தான் அவர்களுக்கு, சிவகாமி அநேக வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

கடிதம் கிடைத்தது. படித்துவிட்டு இஸ்திரிப் பெட்டிக் கரியோடு சேர்த்துப் போட்டுவிடலாமா என்று பார்த்தேன்.

அப்பாசாமி மாமா நம் கல்யாணத்துக்குப் பந்தல் போட்டவர். உங்கள் அப்பா இறந்தபோது பாடைக்கு மூங்கில் வெட்டி வந்தவர். அவர் பல்லைத் தட்டிவிட்டு, அதைப் பொறுக்கிக் கையில் கொடுத்தேன் என்று பெண்டாட்டிக்கு எழுதுகிறீர்களே, கை கூசவில்லையா? படிக்கிற எனக்கு வாய் வலித்தது. லாரி ஓட்டிக்கொண்டிருந்தவரைக்கும் நீங்கள் ஒரு கோழியைக்கூட அறுத்ததில்லை. நான்தான் அறுத்தேன்.

எனக்கு ஒரு சந்தேகம். விமானத்தில் இறங்குகிறவன் எதற்காக அங்கேயே படுக்க வேண்டும்? அவனுக்கு வீடு வாசல் கிடையாதா? வானத்திலிருந்து வருகிறவனுக்கு ஹோட்டல், மண்ணில் கிடக்கிறவனுக்கு வீடு இல்லையா? இங்கே பத்து பெரெண்டாமிலும் சின்ன விமானம் இறங்கத்தான் செய்கிறது. அதைச் சுற்றி ஆடுதான் மேய்கிறது, எந்த ஊரும் முளைக்கவில்லை. பக்கத்து வீட்டு சிட்டி அம்மாள் உங்களை விசாரித்தார். சிட்டி சனத்துக்குச் சாமி நம் சாமிதான், தமிழ் வராதே, கடை வாங்கப் போயிருக்கிறார் என்று எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன். பல்லைப் பற்றிச் சொல்லவில்லை.

சேதுபதிக்கு நான் எழுத மாட்டேன். அவன் கேட்பதில் என்ன தப்பு? வீடு கேட்கிறான், வேறென்ன கேட்டான்? அம்மா போன பிறகு சோறு ஊட்டி நான் வளர்த்த பிள்ளை அவன். உங்களை ஒன்றுதான் கேட்கிறேன், இதுவரைக்கும் வேறெதுவும் கேட்டதில்லை. அவன் மேல் கை வைக்காதீர்கள். மற்றவன் வைத்தாலும் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள் அன்பு மனைவி,
சிவகாமசுந்தரி


பதினாலாங் கட்டை.
11-3-1963

அன்பு சிவகாமிக்கு,

முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் கோபப்படு.

செவ்வாய்க்கிழமை லயத்தை இடிக்கப் புல்டோசர் மிஷினைக் கொண்டுபோனோம். உன் தம்பி ஆட்களோடு வந்து அதன் முன்னால் படுத்துக்கொண்டான். இழுத்துப் போடச் சொன்னார் முதலாளி. இழுத்தோம். அவன் இடுப்பிலிருந்து பால்வெட்டுக் கத்தியை எடுத்து எங்களோடு வேலை செய்யும் சுப்பையனின் காதை அறுத்துவிட்டான். பாதிக் காது தொங்கிற்று. அதற்கு மேல் யார் பேச்சை யார் கேட்பது? கம்பும் கட்டையும் இரண்டு பக்கமும் பறந்தது. பெண்கள் கொதிக்கிற தண்ணீரைக் கொண்டுவந்து ஊற்றினார்கள். கடைசியில் அவனைக் கீழே தள்ளி நாலு பேர் பிடித்துக்கொண்டார்கள். இரும்புக் குழாய் யார் கையில் இருந்தது என்று என்னைக் கேட்காதே. முழங்காலுக்குக் கீழே எலும்பு போய்விட்டது. அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. அன்றைக்கு நான் சாப்பிடவில்லை.

ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டு அனுப்பிவிட்டார்கள். அடியைத் தலையில்தான் போட வேண்டும் என்று சுப்பையன் அன்றைக்கு நின்றான். நான்தான் அவனைத் தள்ளிவிட்டேன். காலோடு போயிற்று என்று நினைத்துக்கொள். உயிருக்கு ஒன்றும் இல்லை.

கடையை மட்டும் வாங்கிவிட்டால் இந்த வேலையைத் தலைமுழுகிவிடுவேன். நம்பு.

உன் அத்தான்,
மருதமுத்து


கஜா பெராங்.
20-3-1963

அத்தானுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்த அன்றே லாண்டரியில் சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன். தம்பியைப் பார்த்தேன்.

லயத்தில் நடு வீட்டில் பலகைமேல் கிடக்கிறான். ஒன்றுக்குப் போவதற்கும் மல்லிகா தூக்கிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. அவனைக் கல்யாணம் செய்துகொண்டு வந்து ஒரு நல்ல புடவைகூடக் கட்டாத பெண் அவள். எனக்கு டீ கலந்து கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அவன்தான் சொன்னான்.

“அக்கா, அத்தான்தான் அடிச்சாரு. மத்தவனுங்க பிடிச்சுக்கிட்டானுங்க. அடிக்கிறப்போ கண்ண மூடிக்கிட்டாரு.”

அவனுக்கு உங்கள் மேல் கோபம்கூட இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. என்னோடு மலாக்காவுக்கு வந்துவிடு என்று கெஞ்சினேன்.

“நான் போனா மறுநாளே எல்லாரையும் தள்ளிடுவானுங்கக்கா. கால்கட்டோட ஒருத்தன் உள்ள படுத்திருந்தா எந்த மிஷின்காரன் தொடுவான்? நான் இங்க கிடக்கிறதுதான் இவங்களுக்குக் காவல்” என்று சிரிக்கிறான்.

பிறகு உங்களைத் தேடி ஆபீசுக்கு வந்தேன். வெளியே போயிருக்கிறார் என்று கணக்கெழுதும் அந்தக் கிராணிப் பையன் என் முகத்தைப் பாராமல் சொன்னான். வாசலில் உங்கள் செருப்பு கிடந்தது. கதவை உடைத்துக்கொண்டு வந்து அந்தச் செருப்பாலேயே அடித்திருப்பேன். அடித்திருக்க வேண்டும். கையாலாகாமல் திரும்பி வந்தேன்.

இங்கே குருபோங்கில் உங்கள் பழைய லாரி முதலாளி கலியாணசுந்தரம் இன்னும் உங்களுக்காக லாரியை வைத்திருக்கிறார். வந்துவிடுங்கள். நீங்கள் எனக்கு வேண்டும், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். ஆனால் இன்னொரு தரம் உங்கள் கையால் அங்கே ரத்தம் சிந்தினால் இந்த வீட்டில் உங்களுக்கு இலை போட மாட்டேன்.

சிவகாமசுந்தரி


பதினாலாங் கட்டை.
2-4-1963

என் கண்ணான சிவகாமிக்கு,

ஆமாம், உள்ளேதான் இருந்தேன். கதவுக்குப் பின்னால் நின்று நீ திரும்பிப் போவதைப் பார்த்தேன். வெளியே வரவில்லை. திட்டு, வாங்கிக்கொள்கிறேன்.

ஆனால் நீ எழுதியது மண்டைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது. ரத்தம் சிந்தாமல் இதை முடிக்க என்ன வழி என்று யோசித்தேன். கிடைத்துவிட்டது! மற்ற முட்டாள்கள் யாருக்கும் இது தோன்றியிருக்காது. அவர்கள் தோட்டத்தில் பிறந்தவர்கள் இல்லையே.

பழைய ஆபீசுக்கு முன்னால் பெரட்டு மணி இன்னும் தொங்குகிறது. அதே தண்டவாளத் துண்டுதான். விடியுமுன் அதைத் தட்டினால் நம் அப்பா அம்மாவெல்லாம் எப்படி எழுந்து ஓடுவார்கள்! காய்ச்சலில் கிடந்தவனும் வந்து பெரட்டு வரிசையில் நின்று பேர் கொடுப்பான். எதற்கு அடிக்கிறார்கள் என்று யாராவது கேட்டதுண்டா? தோட்டம் மூடின பிறகு யாரும் அதைத் தொடவில்லை. நாளைக் காலை நான் தட்டப்போகிறேன். யோசிக்கிறதுக்கு முன்னால் அவர்கள் கால் வெளியே வந்துவிடும். எனக்கே அப்படித்தான். எல்லோரும் பெரட்டுக் களத்தில் நிற்கும்போது நம் ஆட்கள் கையைக் கோத்துக்கொண்டு வழியை மறிப்பார்கள். அந்தப் பக்கம் புல்டோசர் லயத்தைத் தட்டிவிடும். யார் மேலும் ஒரு அடி விழாது.

முதலாளி முதுகில் தட்டிக்கொடுத்தார். கடைக்குச் சிவகாமி ஸ்டோர் என்று பெயர் வைக்கலாமா? சனிக்கிழமை அங்கே இருப்பேன். நண்டு வாங்கி வை.

உன் அன்பு அத்தான்,
மருதமுத்து


கோலாலம்பூர்.
9-4-1963

சிவகாமி,

தந்தி கிடைத்து நீ வந்து தம்பியை எடுத்துப்போனாய் என்று சொன்னார்கள். உன் முன்னால் வர எனக்குத் தைரியம் இல்லை.

மணி அடித்தேன். வந்தார்கள். இருட்டில் ஒவ்வொருவராக வந்து வரிசையில் நின்றார்கள். அப்பாசாமி பால் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார். வெட்ட ஒரு மரம் இல்லை, வாளியோடு வந்து நிற்கிறார். பின்னால் மிஷின் கிளம்பியது. முதல் சுவர் விழுந்தபோதுதான் எல்லோருக்கும் விளங்கிற்று. மல்லிகா கத்தினாள்.

“அவரு உள்ள இருக்காரு! அண்ணே, அவரு உள்ள இருக்காருண்ணே!”

நம் ஆட்கள் அவளை விடவில்லை. அவள் கடித்தாள், பிறாண்டினாள். நான் ஓடினேன், சிவகாமி. சத்தியமாக ஓடினேன். மிஷின்காரனுக்கு நான் கத்தியது கேட்கவில்லை. தகரத்தை என் கையால் கிழித்தேன், இரண்டு உள்ளங்கையும் பிளந்துவிட்டது. கட்டுப்போட்ட கால்தான் முதலில் தெரிந்தது. மேலே ஒன்றும் மிச்சமில்லை.

அவனால் நடக்க முடியாது என்பது எனக்கு எப்படி மறந்தது? அந்தக் காலை ஒடித்தவனே நான்தானே. எல்லோரும் வருவார்கள், எல்லோரும் வருவார்கள் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது நான் சொல்வதைக் கேள். போலீஸ் விசாரிக்கிறது. மற்றவர்களுக்கு வேறிடம் கொடுத்து முதலாளி வாயை அடைத்துவிட்டார். மல்லிகா ஒருத்திதான் பாக்கி, அவள் உன்னோடு இருக்கிறாள். முன்னமே எச்சரித்தார்கள், தன் புருஷன்தான் பிடிவாதமாக உள்ளே கிடந்தான் என்று அவள் சொல்லிவிட்டால் விபத்தென்று முடியும் என்கிறார் வக்கீல். நீ சொன்னால் சொல்வாள். போனவன் திரும்ப வரமாட்டான். நானும் போய்விட்டால் உனக்கு யார் இருக்கிறார்கள்? மூலைக் கடை நமக்குத்தான், சாவி என்னிடம் இருக்கிறது. வந்துவிடு.

அவள் மாட்டேன் என்றால் முதலாளி ஆள் அனுப்புவார். என்னால் தடுக்க முடியாது.

மருதமுத்து


கஜா பெராங்.
19-4-1963

மருதமுத்துவுக்கு,

ஆள் வந்தார்கள். புதன்கிழமை பட்டப்பகலில் லாண்டரிக்கே வந்தார்கள். ஒருவன் உங்கள் அரைக்காது சுப்பையன். இன்னொருவனைத் தெரியாது. மல்லிகா துணி மடித்துக்கொண்டிருந்தாள். சுப்பையன் அவள் தலைமுடியைப் பிடித்து மேசைமேல் முகத்தை வைத்து அழுத்தினான்.

“போலீசுல வாயத் தொறந்த, நாக்கு இருக்காது. உன் நாத்தனாருக்கும் சேத்துத்தான் சொல்றேன்.”

என் கையில் இஸ்திரிப் பெட்டி இருந்தது. உள்ளே கரி நன்றாகக் கனிந்திருந்தது. அதை அவன் கன்னத்தில் வைத்தேன். வைத்து அழுத்தினேன். தோல் பெட்டியோடு வந்தது. அவன் மாடு மாதிரி கத்திக்கொண்டு விழுந்தான். மற்றவன் என் வயிற்றில் உதைத்தான். அவன் மேல் கரியைக் கொட்டினேன். ஓடிவிட்டான். பக்கத்து சிட்டி அம்மாள் அரிவாளோடு வந்து “மாசோக், மாசோக்” என்று உள்ளே வரச் சொல்லி எங்கள் இரண்டு பேரையும் தன் வீட்டுக்குள் இழுத்துப்போட்டுத் தாழ் போட்டார்.

எனக்குக் கொஞ்சமும் இரக்கம் வரவில்லை. மனுஷன் மேல் கை வைப்பது இவ்வளவு சுலபம் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். உங்களை மன்னிக்கலாமா என்று அதுவரைக்கும் ஒரு மூலையில் யோசித்துக்கொண்டிருந்தேன். ஓடியிருக்கிறாரே, கை பிளந்ததே என்று. அதற்குப் பிறகு யோசிக்கவில்லை. எனக்குச் சுலபமாக இருந்தது உங்களுக்கும் சுலபமாகத்தான் இருந்திருக்கும்.

அன்றைக்கே ஸ்டேஷனுக்குப் போனோம். இன்ஸ்பெக்டர் தமிழர், நல்ல மாதிரி. தம்பி போனதிலிருந்து வாய் திறக்காத மல்லிகா அங்கே ஒன்று விடாமல் சொன்னாள். மணி அடித்தது யார் என்று கேட்டபோது மட்டும், “அக்கா வீட்டுக்காரர்” என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். பேரைச் சொல்ல அவளுக்குத் தெரியாமல் இல்லை. எனக்காக நிறுத்தினாள். நான் வேண்டாம் என்று தலையசைத்திருந்தால் அதோடு விட்டிருப்பாள். புருஷனைப் பறிகொடுத்தவள், என் புருஷனை என் கையில் கொடுத்துவிட்டு நிற்கிறாள்.

“பேர் வேணும்மா” என்றார் இன்ஸ்பெக்டர்.

கல்யாணம் ஆன நாளிலிருந்து உங்கள் பெயரை நான் வாயால் சொன்னதில்லை. கோயில் அர்ச்சனைக்குக்கூட வேறு யாராவதுதான் சொல்வார்கள். ஒரு தம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்தேன். பிறகு சத்தமாகவே சொன்னேன். சொன்ன பிறகு அது யாரோ ஒருவர் பெயராகத்தான் இருந்தது.

இங்கே எழுதியதைக் கோலாலம்பூருக்கு அனுப்பிவிட்டார்கள். இந்தக் கடிதத்துக்கு முன்னால் அவர்கள் வந்தாலும் வரலாம். ஓடாதீர்கள்.

இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டே தலையைத் தூக்காமல் கேட்டார், “அந்த ஆளுக்கு நீங்க என்ன உறவு?”

“செத்தவனுக்கு நான் அக்கா. அத எழுதிக்குங்க” என்றேன்.

சிவகாமசுந்தரி