பூட்டிய வீடுகளுக்கும் ஒரு பங்கு

இன்று காலையும் அடுக்களைச் சாக்கடை வழியாகக் காயல் தண்ணீர் உள்ளே ஏறிவிட்டது. இங்கே இதற்கு வேலியேற்றம் என்று பெயர். முன்பெல்லாம் அமாவாசை, பௌர்ணமிக்கு வரும். இப்போது நாள் கிழமை பார்ப்பதில்லை. உப்பும் சேறும் கலந்த அந்த நாற்றம் மூக்கில் ஏறியதும் உங்கள் ஞாபகம் வந்தது. மற்றவளுக்கெல்லாம் மல்லிகைப்பூ வாசனையில் புருஷன் ஞாபகம் வரும். எனக்கு வாய்த்தது இது.

கல்யாணமான புதிதில் நீங்கள் கப்பலில் இருந்தீர்கள். சமோவாவிலிருந்து டோக்கெலாவுக்கு அரிசியும் டீசலும் ஏற்றிப்போய், திரும்பும்போது ஆட்களை ஏற்றிவரும் கப்பல். ஒரு நாளுக்கு மேல் கடலில் போனால்தான் கரை தெரியுமாம். விமானம் இறங்க இடமில்லை, துறைமுகமும் இல்லை. மூன்றே மூன்று பவளத்தீவு வளையங்கள், கடலுக்கு மேலே இரண்டு ஆள் உயரம் இருந்தால் அதிகம். மொத்தம் ஆயிரத்தைந்நூறு பேர் இருப்பார்கள். அதைவிடப் பல மடங்கு சனம் நியூசிலாந்துக்குக் குடிபோய்விட்டது என்று, இங்கே மட்டாஞ்சேரியில் நம் வாசலில் சாயா குடித்துக்கொண்டே வருத்தப்படுவீர்கள், ஏதோ சொந்தக்காரர்கள் மாதிரி.

பிடித்த மீனை அங்கே கரையில் பரப்பி, வீட்டுக்கு எத்தனை தலை என்று எண்ணிப் பங்கு வைப்பார்களாம். இனாட்டி என்பார்களாம். கடலுக்குப் போக முடியாத கிழவனுக்கும் பங்கு, கைக்குழந்தைக்கும் பங்கு. "ஆரும் வாய்திறந்து கேக்க வேண்டாம்டி. அதாக்கும் மரியாதை" என்பீர்கள்.

பார்த்துவிட்டு வந்து சும்மா இருந்தீர்களா? ஞாயிறுதோறும் ஒரு கூடை மத்தி வாங்கி வாசற்படியில் கூறு போட்டீர்கள். நம் சந்தில் ஏழு வீடு. "சேட்டனுக்குக் கிறுக்கு பிடிச்சோ சேச்சி?" என்று எதிர்வீட்டுக்காரி சிரித்தாள். சிரித்துக்கொண்டே சட்டியையும் நீட்டினாள்.

அப்புறம் தண்ணீர் வர ஆரம்பித்தது. சுவர் அரித்தது, கட்டில் கால் இற்றது, ஒவ்வொரு வீடாகப் பூட்டு விழுந்தது. நீங்களோ பூட்டிய வாசலிலும் பங்கு வைத்தீர்கள். பூனைகள் தின்று கொழுத்தன.

"ஆளில்லாத வீட்டுக்கு எதுக்கு மீனு? புத்தி கெட்டுப்போச்சா உங்களுக்கு?" என்று கத்தினேன்.

"பங்கை எடுத்துட்டா அவங்க எப்படிடி திரும்பி வருவாங்க?" என்றீர்கள். ஒருத்தரும் வரவில்லை.

போன வருஷம் ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீயும் போயிடாதே. ஒரு வீட்டுலயாவது விளக்கு எரியட்டும்" என்று கேட்டீர்கள். சாகக் கிடக்கிறவரிடம் என்ன சொல்ல? போகமாட்டேன் என்றேன்.

வருகிற ஞாயிறு மகன் வண்டி கொண்டுவருகிறான். காக்கநாட்டில் அவனுக்கு ஒன்பதாவது மாடி. வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். இந்த வீட்டை யாரும் வாங்கமாட்டார்கள். பூட்டிவிட்டுப் போக வேண்டியதுதான். உங்களுக்குத் துரோகம் செய்கிறேன் என்று ஒரு வாரமாகச் சோறு இறங்கவில்லை.

இன்று தண்ணீரை வாளியில் கோரி ஊற்றும்போதுதான் உறைத்தது. மீனைப் பங்கு வைத்த அதே சனம்தானே அந்தத் தீவுகளைவிட்டுப் போனது? உங்கள் கப்பலில்தானே ஏறியது? மூட்டையைக்கூட நீங்களே கைநீட்டி வாங்கி வைத்திருப்பீர்கள். பங்கு வைப்பதால் ஊர் நிற்காது என்று உங்களுக்குத் தெரியும். தெரிந்தும் என்னிடம் அந்த வாக்கை வாங்கினீர்களே! அழுகை வரவில்லை, கோபம்தான் வருகிறது. அதை மட்டும் ஒன்பதாவது மாடிக்குக் கொண்டுபோகிறேன்.