நடுங்க வேண்டிய கை

பிப்ரவரி 20, திங்கள்

சலூன் விடுமுறை. ஷட்டரை இறக்கிவிட்டு முடி உலர்த்தும் நாற்காலியில் உட்கார்ந்து மதியம் வரை புஸுகியைத் தந்தி தேய வாசித்தேன். ஆர்கிரிஸ் ஈஸ்டர் முடிந்ததும் ஜெர்மனிக்குப் போகிறான். பதினோரு வருஷமாக அவன் முதல் புஸுகி, நான் பக்கத்தில் இரண்டாவது. அவன் பாட்டுக்குக் கீழே துணைச் சுரம் போட்டே காலம் போய்விட்டது. நாங்கள் வாசிக்கும் சிபுரோ சாராயக்கடையின் பகோனா அக்கா முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டாள். "ஈஸ்டருக்கு அடுத்த சனிக்கிழமை ஆர்கிரிஸ் நாற்காலியில ஆள் வேணும். உன்னால முடிஞ்சா உட்காரு. இல்லேன்னா லாரிசாவுலேர்ந்து ஒருத்தனைக் கூட்டியாறேன். அப்புறம் மூஞ்சியத் தூக்கி வச்சுக்காத."

தூக்கி வச்சுக்குவேன். அந்த நாற்காலி எனக்குத்தான் வேண்டும்.

மார்ச் 2, வியாழன்

கீழ்-மேல்-கீழ் என்று ஒரே மூச்சில் மூன்று தட்டு வந்துவிட்டது. சின்னச் சறுக்கல், சுரத்துக்கு முன் ஒட்டிவரும் கொசுறுச் சுரம், எல்லாம் வருகிறது. ட்ரெமோலோ மட்டும் சனியன். ஒரே சுரத்தில், தந்தியைத் தட்டும் தகட்டை விடாமல் மேலும் கீழும் ஓட்டி, குரல் மாதிரி நீட்ட வேண்டும். நாலு எண்ணுவதற்குள் கை தன் பாட்டுக்கு ஆடுகிறது. நான் ஆட்டுவது இல்லை. அதுவாக.

அப்பாவுக்கும் வலது கைதான்.

மார்ச் 3

பார்க்கின்சன். எழுதிவிட்டேன். வாயால் சொல்ல மாட்டேன்.

மார்ச் 11, சனி

ஒத்திகை. ஆர்கிரிஸ் காதைப் பொத்திக்கொண்டான். "அம்மா தாயே, இது ட்ரெமோலோவா, கல்லு ரோட்டுல போற டிராக்டரா?" எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். கழிவறைக்குப் போய் அழுதேன்.

பகோனா அக்கா பின்னாலேயே வந்துவிட்டாள். "கண்ணு பட்டிருக்குடி உனக்கு." கிண்ணத்துத் தண்ணீரில் எண்ணெயைச் சொட்டினாள், முணுமுணுத்தாள், என் மேல் மூன்று முறை தூ தூ என்றாள். எண்ணெய் மிதக்காமல் தண்ணீரில் பரவிக் காணாமல் போனது; அப்படிப் போனால் திருஷ்டியாம். "பாத்தியா, எவ்ளோ கண்ணு!" கொஞ்சம் நிம்மதியாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து வாசித்தேன். அதே ஆட்டம்.

மார்ச் 19

தகடு நழுவுகிறதோ என்று தடியான தகடு வாங்கி இன்னும் இறுக்கிப் பிடித்தேன். இன்னும் மோசம்.

ஜிசிஸ் "கை வலிக்குதா?" என்று கேட்டான். வள்ளென்று விழுந்தேன். பாவம், பாத்திரம் கழுவப் போய்விட்டான். என்ன பொம்பளை நான்? புருஷன்கிட்ட சொல்லாமல் யார்கிட்ட சொல்லப் போறேன்? ஆனா சொன்னா அது நிஜமாயிடுமே.

ஏப்ரல் 4, செவ்வாய்

போய்விட்டேன். தனியாக. நரம்பு டாக்டரம்மா சின்ன வயசு, கிரீட் தீவுக்காரி. அப்பாவின் வியாதியையும் சொன்னேன்.

"கையை மடியில சும்மா வைங்க" என்றாள். வைத்தேன். பார்த்துக்கொண்டே இருந்தாள். நடக்க வைத்தாள், விரலைத் தட்ட வைத்தாள், சுருள் வரைய வைத்தாள். "அப்பாவுக்கு எப்ப நடுங்கும்?"

"சும்மா இருக்கும்போதுதான். ஒரு வேலையும் செய்யாதப்ப."

"உங்க கை சும்மா இருக்கும்போது செத்த மீன் மாதிரி கிடக்குது பாருங்க." பிறகு, "புஸுகி எப்படி வாசிப்பீங்க? செஞ்சு காட்டுங்க" என்றாள். காற்றில் வாசித்தேன். என் கட்டைவிரலைப் பிடித்தாள். "என்ன தொழில் செய்றீங்க?"

"முடி வெட்டறேன்."

"அதானே! கத்தரியைப் பிடிக்கிற மாதிரியே பிடிச்சிருக்கீங்க. நாள் முழுக்க கட்டைவிரல் அமுக்குது, சாயங்காலமும் விடாம அமுக்குது. தசை களைச்சுப்போய் ஆடாம என்ன செய்யும்? உங்க அப்பாவோட வியாதிக்கு ஒரு அடையாளமும் இல்ல. தகட்டை லேசாப் பிடிங்க. இல்லேன்னா எங்க ஊர் லிரா கத்துக்குங்க, வில்லு போட்டு வாசிக்கிறது, தகடே கிடையாது."

தெருவுக்கு வந்து ஒரு பெஞ்சில் உட்கார்ந்து விக்கி விக்கி அழுதேன். ஒரு பெரியவர் கைக்குட்டை நீட்டினார். "இல்லீங்க, நல்ல சேதி" என்றேன். "அப்ப இன்னும் நல்லா அழு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதே நாள், சாயங்காலம்

ஜிசிஸிடம் சொன்னேன். அடுப்பை அணைத்துவிட்டு நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தான். அவனுக்கும் அதே பயமாம். "ஒரு மாசமா உனக்குக் காப்பி முக்கால் கப்தான் ஊத்தறேன், சிந்துச்சுன்னா நீ பயந்துடுவியேன்னு." நான் கவனிக்கவே இல்லை! அட மடையா, நீயாவது கேட்டிருக்கக் கூடாதா? "கேட்டேனே, நீதான் கடிச்சே" என்றான். கேட்டான்தான்.

ஏப்ரல் 12, பெரிய வாரம்

ஈஸ்டருக்கு முந்தைய இந்தத் துக்க வாரத்தில் வாத்தியம் தொடக்கூடாது. தந்திக்கு அடியில் துண்டைச் செருகிக்கொண்டு சத்தம் வராமல் வாசிக்கிறேன். ஏசு மன்னிப்பார், மாடிவீட்டுக்காரி மன்னிக்க மாட்டாள். தகட்டை விழுந்துவிடும் அளவுக்கு லேசாகப் பிடிக்கிறேன். விழுகிறது. எடுக்கிறேன். ஒரு தடவை ஓட்டைக்குள்ளேயே விழுந்துவிட்டது, புஸுகியைத் தலைகீழாகக் கவிழ்த்து உலுக்கினோம்.

ஏப்ரல் 15

பத்து எண்ணினேன். ஆடவில்லை. பத்து!

ஏப்ரல் 23, ஞாயிறு

நேற்று அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். இன்னும் ஜெர்மனிக்குக் கிளம்பாத ஆர்கிரிஸ் முன் மேசையில், கையில் சிபுரோவோடு, தப்புக்காகக் காத்துக்கொண்டிருந்தான். தாளம் இல்லாமல் தனியாக வாசிக்கும் முன்னுரையில், இரண்டாவது நீட்டலிலேயே யாரோ "வாழ்க உன் கை, அசிமினா!" என்று கத்தினார்கள். இரண்டாவது புஸுகியைப் பேர் சொல்லி யாரும் கத்துவதில்லை. பார்த்தால் கத்தியது ஆர்கிரிஸ்.

அப்புறம் ஜிசிஸ் எழுந்தான். கல்யாணத்துக்குப் பிறகு ஆடாதவன்! ஜெய்பெக்கிகோ ஒற்றை ஆள் ஆட்டம், யாரும் குறுக்கே போகக்கூடாது. கையை விரித்துக்கொண்டு நன்றாகத்தான் ஆடினான், கிரேன் ஓட்டுகிறவனுக்கு அது போதும். கடைசியில் தரையைத் தட்டக் குந்தினான் பாருங்கள், முட்டி பிடித்துக்கொண்டது. எழ முடியவில்லை. தெய்வமே! நான் கிதார்க்காரனைப் பார்த்தேன், அவன் நிறுத்தினான். நான் மட்டும் அந்த ஒரு சுரத்தைப் பிடித்துக்கொண்டேன். ஓட்டினேன், ஓட்டினேன். கை லேசாக, தானாக ஓடியது. மொத்தக் கடையும் பார்க்க, அவன் ஒரு காலை ஊன்றி, அடுத்ததை ஊன்றி, மெதுவாக நிமிர்ந்து கையை விரித்தான். அப்போதுதான் சுரத்தை இறக்கினேன். ஒரே கைதட்டல்; அந்தக் காலத்து வழக்கப்படி சந்தோஷத்தில் தட்டைப் போட்டு உடைக்காததுதான் குறை.

வீட்டுக்கு வரும்போது முட்டியைத் தேய்த்துக்கொண்டே கேட்டான்: "நான் எந்திரிக்கவே இல்லேன்னா என்ன பண்ணியிருப்பே?"

"வாசிச்சுக்கிட்டே இருந்திருப்பேன்."