டெலஸ்கோப்பைக் கழற்றிய பிறகு

அன்புள்ள அக்கா,

அம்மா தூங்கிவிட்டாள். போர்வைக்குள் டார்ச் வைத்து எழுதுகிறேன்.

பள்ளித் துப்பாக்கி சுடும் அணியில் இதுவரை துப்பாக்கி மேல் டெலஸ்கோப் பொருத்தியே சுட்டேன். இலக்கு மங்கினால் அதன் வளையத்தைத் திருப்புவேன், தெளிந்துவிடும். வளையம்தான் லூஸ் என்று நினைத்தேன். இன்று அதைக் கழற்றிவிட்டு, குழல் நுனியிலுள்ள குறிமுள்ளைப் பார்த்துச் சுடச் சொன்னார்கள். இலக்கு மங்கலாம், முள் மங்கக் கூடாது என்றார்கள். எனக்கு முள்ளே தெரியவில்லை.

"டெலஸ்கோப் இல்லைன்னா நீ குருடியாடி?" என்றார் கோச் மேடம். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

உனக்கும் பார்வை இப்படித்தான் போகத் தொடங்கியதா? அம்மாவிடம் எப்படிச் சொன்னாய்? உனக்காகவே அவள் இன்னும் அழுது தீர்க்கவில்லை.

உனக்கு மட்டும்தான் சொல்கிறேன். ஆனால் இதையும் விடுதியில் யாரோ ஒருத்திதான் உனக்கு வாசித்துக் காட்ட வேண்டும். அவளை மெதுவாக வாசிக்கச் சொல்.

உன் தங்கை