சட்டை போட்ட படம்

மார்ச் 3, 2025

கம்பம் போய் மாத்திரை வாங்கி வந்தேன். நாள் முழுவதும் வீட்டில் பேசியது டிவி மட்டும்.

அடுத்த மாதம் அக்கம்மாளின் முதலாண்டு நினைவு நாள். சுவரில் மாட்ட ஒரு படம் வேண்டும். எங்கள் கல்யாணப் படத்தில் தலை குனிந்திருக்கிறாள். ஆதார் படத்தில் இருப்பது யாரென்றே தெரியவில்லை.

மார்ச் 5

கிடைத்துவிட்டாள்.

திராட்சை பற்றி இணையத்தில் சும்மா தேடிக்கொண்டிருந்தேன். இனியன் என்ற புகைப்படக்காரரின் தளம். எங்கள் பந்தலுக்கு அடியில், சேலைக்கு மேல் என் பழைய நீலச் சட்டை, கையில் கத்தரிக்கோல். யாரையோ திட்டிக்கொண்டே சிரிக்கிறாள். படத்தின் குறுக்கே இனியனின் பெயர். கீழே ‘தோட்டத் தொழிலாளி, கம்பம் பள்ளத்தாக்கு.’

எடுத்தவர் அவள் பெயரைக் கேட்டிருக்க வேண்டாமா? நிருபரான நான் அன்று செய்திக்காக எங்கே அலைந்துகொண்டிருந்தேனோ.

மார்ச் 6

வினோத்ராஜின் ஸ்டுடியோ. “பேரை அழிச்சுட்டுப் பெருசாப் போட்டுரலாம் சார். வீட்டுச் சுவத்துல மாட்டுறத எவன் கேக்கப் போறான்? விக்கவா போறீக?”

விற்கப்போவதில்லை, உண்மை. ஆனால் என் செய்தியை என் பெயரில்லாமல் போட்டவர்களிடம் எத்தனை சண்டை போட்டிருக்கிறேன். படம் அவருடையது. முகம் அவளுடையது. என்னுடையது அந்தச் சட்டை மட்டும்தான்.

வீட்டுச் சுவருக்கு மட்டும் என்று சொல்லி, அனுமதி கேட்டு இனியனுக்கு மின்னஞ்சல் அனுப்பினேன்.

மார்ச் 14

பதில் இல்லை.

மார்ச் 21

வினோத்ராஜ் தானாகவே ஒரு மாதிரி செய்து போனுக்கு அனுப்பியிருக்கிறார். இனியன் பெயரை அழித்து, சட்டையை எடுத்து, ஏதோ விளம்பரப் பெண்ணின் பட்டுச்சேலையையும் ஆரத்தையும் ஒட்டி.

“எல்லாருக்கும் இப்படித்தான் சார் செய்யுறோம். மாலை போடுற படத்துல ஆம்பளச் சட்டையா? பாக்குறவுக சிரிக்க மாட்டாகளா?”

பார்க்கிறவர்களா? இங்கே யார் வருகிறார்கள்?

“இது அவ இல்லப்பா — கழுத்துக்குக் கீழ வேற யாரோ. நான் யாருக்கு மாலை போட?” என்றேன்.

வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சுவர் காலியாகவே இருக்கட்டும்.

ஏப்ரல் 2

இனியன் போன் செய்தார். மதுரைக்காரர். மின்னஞ்சலை இன்றுதான் பார்த்தாராம்.

“அவுகளா சார்? பந்தலுக்குள்ள நிமிந்து நடந்து குலையில இடிச்சுட்டேன். ‘ஏலே, குனிஞ்சு வா, ஒங்கப்பன் தோட்டமா?’ன்னு திட்டுனாக.”

நான் கேட்டிராத திட்டு ஒன்று இன்னும் மிச்சம் இருந்திருக்கிறது. அதை இன்னொரு முறை சொல்லச் சொன்னேன். சொன்னார்.

முழு அளவுப் படம் அனுப்புகிறார். எதையும் வெட்டவோ ஒட்டவோ கூடாது, அவ்வளவுதான். நானும் ஒன்று கேட்டேன்: தளத்தில் அவள் பெயர் வேண்டும், தோட்டம் அவளுடையது.

“அன்னைக்கே கேட்டிருக்கணும் சார்” என்றார்.

ஏப்ரல் 11

நினைவு நாள். படம் மாட்டியாயிற்று, சட்டையோடு. கீழே சிறிய எழுத்தில் ‘படம்: இனியன்’. அவருடைய தளத்தில் இப்போது ‘அக்கம்மாள், திராட்சை விவசாயி.’

பால் கொண்டுவந்த பஞ்சம்மாள் மட்டும் உள்ளே வந்து பார்த்தார். சிரிக்கவில்லை. “ஆத்தா, அப்படியே இருக்காக” என்றார். பிறகு கிட்டே போய் எழுத்துக்கூட்டிப் படித்தார்.

“இனியன் யாருய்யா, சொந்தமா?”

“போன் பண்ணி அவளப் பத்திப் பேசினாரு” என்றேன்.