பரிசுக் குவளை

அன்புள்ள அப்பாவுக்கு,

மெல்போர்னில், வீட்டில் காய்ச்சிய பீருக்கான போட்டியில் எனக்குத்தான் முதல் பரிசு! "அப்பாகிட்ட மூச்சு விடாதடி, குடிய நிறுத்தி இப்பதான் தேறி வராங்க" என்று அம்மா சிதம்பரத்திலிருந்து போனில் கெஞ்சினாள். இந்தப் பெருமையை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

பீரை நொதிக்க வைக்கும் திரவ ஈஸ்ட் குப்பியைச் சட்டென்று திறந்தால் பொங்கிச் சிதறிவிடும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து, குளிர் விடும்வரை காத்திருந்து, மெல்லத் திறக்க வேண்டும். எல்லோரும் அவசரப்படும் இடம் அதுதான், நான் அவசரப்படவில்லை. "இவ்வளவு பொறுமையை எங்கே கற்றாய்?" என்று நடுவர் கேட்டார். கடலூர் மறுவாழ்வு மையத்து வாசல் பெஞ்சு ஞாபகம் வந்தது. சிரித்து வைத்தேன்.

பரிசாகத் தந்த பீர் குவளையை உங்களுக்கே அனுப்புகிறேன். மோர் ஊற்றிக் குடியுங்கள். அம்மாவுக்குத்தான் பயம். எனக்கு இல்லை.

உங்கள் மூத்தவள்