கடுகு போடாத ஊறுகாய்

மூணாறு,
10.3.1975

அன்புள்ள அம்மாவுக்கு, காளிச்சாமி வணங்கி எழுதுவது. உங்கள் முழங்கால் வலி தேவலையா? முதலமடைத் தோப்பில் மாங்காய் பறிக்க ஆரம்பித்துவிட்டார்களா? எனக்குக் குளிரைத் தவிர ஒரு குறையும் இல்லை.

இங்கே நடந்த ஒரு கூத்தைக் கேளுங்கள், பயப்பட ஒன்றுமில்லை. எங்கள் ஃபேக்டரியில் தேயிலைத் தூளில் குச்சி பொறுக்கும் பூமாரி என்றொரு பெண். அவளுக்கும் இந்த ஊரில் யாரும் இல்லை. நேற்று ஞாயிறு, இரண்டு பேரும் கடைத்தெருவில் டீ குடிக்கப் போனோம். பத்து நிமிடம் சுவரிலிருந்த காலண்டரையே பார்த்தோம். டீ வந்தது. நாள் முழுக்க ருசி பார்த்துத் துப்புகிற வேலையல்லவா எனக்கு? சர்ரென்று உறிஞ்சி, வாயில் சுழற்றி, பக்கத்து வாளியில் துப்பிவிட்டேன். அது கடைக்காரரின் குடிதண்ணீர் வாளி.

அவர் கத்திய கத்தலில் தெருவே திரும்பியது. “வாய்ப் பழக்கமுங்க,” என்று முனகினேன்.

பூமாரி முகத்தைச் சுளிக்கவில்லை. “என் தட்டைப் பாருங்க,” என்றாள். மிக்சரில் பூந்தி தனி, கடலை தனி, கறிவேப்பிலை தனி. “நானும் வந்ததுல இருந்து பொறுக்கிக்கிட்டுதான் இருக்கேன்.”

பிறகு இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் டீ ஆறிப்போனது.

தபால் கொண்டுபோகும் ஜீப் ஹாரன் அடிக்கிறது. கம்பளி ஒன்று அனுப்புங்கள். தனியாகச் சாப்பிட்டால் சோறு இறங்குவதில்லை, அதனால் புது மாங்காயில் ஊறுகாய் இரண்டு ஜாடி. ஒன்றில் மட்டும் கடுகு போடாதீர்கள். பொறுக்கி முடிக்க ஒரு ஞாயிறு போதாது.

உங்கள் மகன்,
காளிச்சாமி