கடைசி ஆளுக்குப் பின்னால்

லோஸ் அல்பாரெஸ்
மார்ச் 8

மெல்சோர்,

நலமா என்று கேட்கப் போவதில்லை. நீ நலமாகத்தான் இருப்பாய். உன் எண்ணை என் கைப்பேசியில் தடுத்து வைத்திருக்கிறேன். அதை எடுத்துவிடவும் மனமில்லை, உன்னைத் திட்டாமல் இருக்கவும் முடியவில்லை. அதனால்தான் கடிதம்.

நம் மலை ஓட்டப் பந்தயத்தில் துடைப்பமாக வருகிற ஆளுக்கு ஒரே ஒரு விதி. ஆரஞ்சுச் சட்டையை மாட்டிக்கொண்டு, வழி காட்டப் புதரில் கட்டிய ரிப்பன்களை அவிழ்த்தபடி, கடைசி ஓட்டக்காரருக்குப் பின்னால் வர வேண்டும். அவரைத் தாண்டக் கூடாது. பால்குடி மறக்காத பிள்ளைக்கும் புரியும் விதி இது. முதல் பந்தயத்திலிருந்து துடைப்பமாக வருகிற உனக்குப் புரியவில்லை. இந்த ஆண்டு கடைசி ஆள் நான். என்னைத் தாண்டிப் போனாய். போனதோடு நிற்காமல் ஒரு ரிப்பன் மிச்சம் வைக்காமல் அவிழ்த்துச் சுருட்டிக்கொண்டு போனாய். பின்னால் ஒருத்தி வருகிறாளே என்று ஒன்றையாவது விட்டுவைத்தாயா?

சாயங்காலம் வரை நான் வறண்ட ஓடைகளில் அலைந்தேன். என்னைப் போலீஸ் ஜீப்பில் ஏற்றி, வெள்ளிக் காகிதப் போர்வையைச் சுற்றி, சதுக்கத்தில் கொண்டுவந்து இறக்கினார்கள். ஊரே ரவை மிகாஸ் தட்டும் கையுமாக வேடிக்கை பார்த்தது. மறுநாள் மதுக்கடையில் ஃப்ராஸ்கித்தோ கேட்கிறான்: "தலைவியம்மா, வீட்டுக்கு வழி தெரியும்ல? இல்ல, ரிப்பன் கட்டி விடவா?"

அந்தத் தடத்தை உண்டாக்கியவள் நான். என்னைப் பார்த்து அவன் சிரிக்கிறான்.

ஏப்ரலில் சங்கத்தின் கூட்டம். இனி எந்தக் காலத்திலும் உனக்கு ஆரஞ்சுச் சட்டை கொடுக்கக் கூடாது, உன்னைச் சங்கத்திலிருந்து நீக்க வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்திருக்கிறேன். சொல்வதற்கு ஏதாவது இருந்தால் வந்து சொல்.

அராசெலி
தலைவி, ஓட்டக்காரர் சங்கம்


அல்மேரியா
மார்ச் 13

தலைவி அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. பசுமைக்குடிலில் தக்காளிக் கொடிக்கு நடுவே நின்று படித்தேன். படித்து முடித்ததும் ஒரு வாளியை உதைத்தேன். முதலாளி பார்த்துவிட்டார்.

இப்போது அராசெலிக்கு எழுதுகிறேன். மலைமேல் அந்தப் பழைய மழைநீர்த் தொட்டியடியில் என்ன நடந்தது என்பதை உன் கடிதத்தில் தேடிப் பார்த்தேன். காணோம். நீ மறந்திருந்தால் நான் சொல்கிறேன். நீ கல்லின் மேல் உட்கார்ந்து இடது முட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தாய்.

"முட்டி வலிக்குதா?"

"ஷூவுல கல்லு மாட்டிக்கிச்சு. நீ போ."

"நான் துடைப்பம், அராசெலி. உனக்கு முன்னால போகக் கூடாது."

"யாருகிட்ட விதி பேசற? எழுதுனதே நான்தான். இந்த மலைல வழி கண்டுபிடிச்சதே நான்தான். எனக்கு ரிப்பன் காட்டறியா? போய்யா. மூஞ்சிக்கு எதிரே நிக்காத, போ!"

போனேன். ஒரு ரிப்பனையாவது விட்டிருக்கக் கூடாதா என்கிறாய். விட்டிருந்தால், 'என்னைக் கண் தெரியாதவள் என்று நினைத்தாயா' என்று வேறொரு கடிதம் வந்திருக்கும்.

நீ வழி தவறியது ஏன் என்றும் எனக்குத் தெரியும். செப்டம்பரில் அடித்த மழையில் காக்கை ஓடையின் கரை சரிந்து பழைய பாதையே போய்விட்டது. மழை பெய்தால் நம் ஊரில் எவனாவது வெளியே எட்டிப் பார்ப்பானா? வீட்டுக்கு வீடு அடுப்பில் மிகாஸ். ரவையைக் கிளறித் தின்றுவிட்டுத் தூங்கினோம். கரை போனது பிப்ரவரியில் ரிப்பன் கட்டப் போனபோதுதான் தெரிந்தது. சுற்றுவழியை வரைந்து உனக்கு அனுப்பினேன். நீ பார்க்காமலே கையெழுத்துப் போட்டாய். வாரம் தவறாமல் நீ அங்கே ஓடுவதாக ஊர் நம்புகிறது. குளிர்காலம் முழுக்க நீ அந்த மலையில் காலே வைக்கவில்லை, இல்லையா? ஓடியிருந்தால் கரை போனது உனக்குத்தான் முதலில் தெரிந்திருக்கும்.

மருத்துவரிடம் முட்டியைக் காட்டு.

மெல்சோர்


லோஸ் அல்பாரெஸ்
மார்ச் 17

மெல்சோர்,

ஆமாம், முட்டிதான். என் மருந்துக்கடையில் நாள் முழுக்க நிற்கிறேன், மாடிப்படி ஏறினால் உயிர் போகிறது. போதுமா? நான் தொடங்கிய பந்தயத்தில் நானே கடைசி. எனக்குப் பின்னால், பிரிந்துபோன புருஷன் ஆரஞ்சுச் சட்டையோடு ரிப்பன் அவிழ்த்துக்கொண்டு வருகிறான். ஊருக்குள் நுழையும்போது எல்லோரும் கை தட்டுவார்கள், பாவம் என்று. எவள் பொறுப்பாள்? அதனால்தான் போ என்றேன்.

போ என்றால் போய்விடுவதா?

மூன்று ஆண்டுக்கு முன்பு சமையலறையிலும் இதைத்தான் செய்தாய். ஏதோ ஒரு சண்டை, இன்று அது எதைப் பற்றி என்றுகூட எனக்கு நினைவில்லை. போ என்றேன். வாயில் வந்ததைச் சொல்கிறவள்தான் நான், கல்யாணத்துக்கு முன்பே தெரியும் உனக்கு. நீ என்ன செய்தாய்? காயப்போட்டிருந்த ஓட்ட ஷூவை எடுத்தாய். காப்பிப் பாத்திரத்தை எடுத்தாய். கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் போனாய். படாரென்று சாத்தியிருந்தால்கூடத் துரத்தி வந்து தெருவில் வைத்துச் சண்டை போட்டிருப்பேன். அத்தனை மெதுவாகச் சாத்தினால் ஒரு பெண் என்ன நினைப்பாள்? இவன் இதற்காகத்தான் காத்திருந்தான் என்று நினைப்பாள்.

மலையில் நடந்ததையும் கேட்டுக்கொள். கரை சரிந்த இடத்தில் பக்கத்து ஓடைக்குள் இறங்கிவிட்டேன். இரண்டு பக்கமும் மண் சுவர். ஏறினால் பொடிந்து காலோடு வருகிறது. தண்ணீர் தீர்ந்துவிட்டது, கைப்பேசியில் சிக்னல் இல்லை. பயந்துபோனேன். உன் பெயரைச் சொல்லிக் கத்தினேன். மாதாவைக் கூப்பிடவில்லை, போலீஸைக் கூப்பிடவில்லை. உன்னைக் கூப்பிட்டேன், தொண்டை கட்டும் வரை. அதை நினைத்தால்தான் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது.

தீர்மானத்தைத் திரும்பப் பெற மாட்டேன்.

அராசெலி


அல்மேரியா
மார்ச் 24

அராசெலி,

நான் காத்திருந்தேன் என்றா எழுதுகிறாய்? கீழே படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன், நீ சன்னலைத் திறந்து கூப்பிடுவாய் என்று. காப்பிப் பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு, பைத்தியக்காரன் போல. பால்காரப் பெண் என்னைத் தாண்டி மாடிக்குப் போய்விட்டு வந்தாள். நீ கூப்பிடவில்லை.

மலையில் நீ மட்டும் கத்தவில்லை. நீ ஊர் வந்து சேரவில்லை என்று தெரிந்ததும் தொட்டி வரை திரும்ப ஓடினேன். நானும் தொண்டை கட்டும் வரை கத்தினேன். நீ பக்கத்து ஓடையில், நான் இந்த ஓடையில். நடுவில் மண்மேடு. சதுக்கத்தில் உன்னை ஜீப்பிலிருந்து இறக்கியதும் ஓடி வந்தேன். "இவன என் கண்ணுல காட்டாதீங்க" என்றாய். ஊரே கேட்டது.

நின்றால் கதவுநிலை போல நிற்காதே என்பாய். போனால் ஏன் போனாய் என்பாய். இருபத்து மூன்று ஆண்டு இந்தக் கணக்கு எனக்குப் புரியவில்லை, இப்போது புரிந்துகொள்ளவும் விருப்பமில்லை. எனக்கும் கோபம் வரும், அராசெலி. மெதுவாகக் கதவைச் சாத்துகிறவனுக்கு அது வராது என்று நீயாக முடிவு செய்துகொண்டாய்.

கூட்டத்துக்கு நான் வரப் போவதில்லை. ஆரஞ்சுச் சட்டையைத் துவைத்து ரொட்டிக்கடை வீர்த்தூதெஸிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். கடைசி ஆளைத் தாண்டியது நான்தான். அப்படியே எழுதிக்கொள்.

மெல்சோர்


லோஸ் அல்பாரெஸ்
ஏப்ரல் 20

மெல்சோர்,

உன்னை யார் சட்டையைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னது? தீர்மானம் ஓட்டுக்கே வரவில்லை, அதற்குள் விலகிவிட்டாய். இந்த விஷயத்தில் மட்டும் உனக்கு எங்கிருந்துதான் இந்த வேகம் வருகிறதோ.

வீர்த்தூதெஸ் கூட்டத்துக்குச் சட்டையைக் கொண்டுவந்தாள். இஸ்திரி போட்டிருந்தாய். அதை மேசைமேல் வைத்ததும் எனக்கு என்னவோ ஆகிவிட்டது. தீர்மானத்தைப் படிக்க எழுந்தேன், வேறு ஏதோ பேசிவிட்டேன். "நான்தான் அவன போகச் சொன்னேன். அவன் மாட்டேன்னான். நான் விரட்டுனேன். முட்டி வலி, கடைசியா வர்றது வெக்கமா இருந்துச்சு. அவ்வளவுதான்" என்றேன்.

பிறகு ஃப்ராஸ்கித்தோ, "அப்ப எங்கள எதுக்கும்மா கூப்பிட்ட? புருஷன் பொண்டாட்டி சண்டைக்கு நாங்க ஓட்டுப் போடணுமா?" என்றான். வீர்த்தூதெஸ் விடவில்லை. "அதுசரி அக்கா, இத அவருகிட்ட சொன்னியா? ஊருக்குச் சொல்ற, அவருக்குச் சொல்ல மாட்ட. நல்லா இருக்குடியம்மா உன் நியாயம்" என்றாள். என் கடையில் கடனுக்கு மாத்திரை வாங்குகிறவள் பேசுகிற பேச்சா இது? ஆனால் அவள் சொன்னதில் தப்பில்லை.

அதனால் உனக்கும் சொல்கிறேன். தவறு என்னுடையது. இரண்டு தடவையும்.

தீர்மானம் தோற்றது. என் கையையும் அதற்கு எதிராகத்தான் தூக்கினேன். மே மாதம் முதல் ஞாயிறு காக்கை ஓடையில் நிரந்தரமாகப் புதுப் பாதை வெட்டுகிறோம். எங்கே மண் கெட்டி, எங்கே பொடியும் என்று உன்னைத் தவிர யாருக்கும் தெரியாது. சட்டை என்னிடம்தான் இருக்கிறது. உன் எண்ணைத் தடுப்பிலிருந்து எடுத்துவிட்டேன். வா. நான் கெஞ்சவில்லை, ஆனால் வா.

அராசெலி


சாரகோசா
ஏப்ரல் 29

அன்புள்ள அராசெலி,

கைப்பேசியில் கூப்பிட்டிருக்கலாம். உன் குரலைக் கேட்டால் நீ சொல்கிறபடி செய்துவிடுவேன், அதனால் எழுதுகிறேன்.

ஒரு வாரமாக இங்கே, வடக்கே இத்தனை தூரத்தில் இருக்கிறேன். மோனேக்ரோஸ் பக்கம் ஒரு பந்தயம், அவர்களுக்கும் துடைப்பம் தேவைப்பட்டது. நம் ஊர் போலவேதான், புழுதி, காய்ந்த புல், நிழலுக்கு ஒரு மரமில்லை. கடைசியாக ஒரு பெண் வந்தாள், தெருவேல் ஊர்க்காரி, பள்ளிக்கூட ஆசிரியை. பாதி வழியில் உட்கார்ந்துவிட்டாள். "நீங்க போங்க, நான் வந்துக்கறேன்" என்றாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். "போங்கன்னு சொல்றேன்ல" என்று கத்தினாள். "கத்துங்க, நான் இங்கதான் இருப்பேன்" என்றேன். கொஞ்ச நேரம் திட்டினாள், கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு என் தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்தாள். இரண்டு பேரும் நடந்தே வந்து சேர்ந்தோம். அத்தனை சுலபமாக இருந்தது.

வழியெல்லாம் எனக்கு ஒரே கோபம். இதை உன்னிடம் ஏன் செய்யவில்லை என்று. ஊர் வந்து சேரும்போது பதில் கிடைத்துவிட்டது. அவள் எனக்கு யாரோ. அவள் போ என்றால் எனக்கு வலிக்காது, அதனால் உட்கார முடிந்தது. நீ சொன்னால் இன்றைக்கும் எழுந்து போய்விடுவேன். நீ சொல்லாமலும் இருக்க மாட்டாய்.

தவறு உன்னுடையது என்று எழுதியிருந்ததைப் பலமுறை படித்தேன். மூன்று ஆண்டு அந்த ஒரு வரிக்காகத்தான் காத்திருந்தேன். படித்ததும் ஓடி வந்துவிடுவேன் என்று நினைத்திருந்தேன். கால் எழவில்லை.

மண் கெட்டியாக இருக்கும் இடங்களைத் தனித்தாளில் வரைந்திருக்கிறேன். இந்த முறையாவது பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடு. சட்டையை வீர்த்தூதெஸின் மகளுக்குக் கொடு, அவள் நிதானமானவள். இங்கே ஒரு வேலையும் அறையும் கிடைத்திருக்கிறது.

இந்தத் தடவை யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை. நானாகத்தான் போகிறேன்.

மெல்சோர்